பங்காளிக் காய்ச்சலும் காற்பந்தாட்டமும்

பங்கினை ஆள்பவன் பங்காளி. ஒரு பாட்டன் வழியிற் பிறந்து, ஒரு நிலத்தையும் ஒரு மனையையும் கூறிட்டுக்கொண்டவர்கள் ஒருவர்க்கொருவர் பங்காளிகளாவர். அயலூரில் யாரோ ஒருவர் மாடமாளிகை எடுப்பித்தார் என்று கேட்டால் நாம் ‘நன்று’ என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிப்போம். பங்காளி தன் கீற்றுக் கூரையைப் பிரித்து ஓடு வேய்ந்தான் என்று கேட்டாலோ அன்றிரவு உறக்கம் பிடிப்பதில்லை. வைத்திய நூல்களிற் காணப்படாத இந்நோய்க்கு நம்மவர் ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று பெயரிட்டனர். ஆயினும் அவ்வுறவுக்கு வேறொரு கடமையும் உண்டு. பங்காளி வீட்டிற் சாவு நேர்ந்தால் நமக்கும் தீட்டு. நேற்றுவரை வரப்புக்காக நீதிமன்றத்தில் எதிரெதிர் நின்றவனும் இன்று தலைமுழுகி நாள் எண்ணுகிறான். காய்ச்சல் யாரிடத்து உண்டோ, தீட்டும் அவரிடத்தே உண்டு.

இவ்வுறவின் இயல்பைத் தெளிவாகக் காண விரும்புவோர் காற்பந்தாட்டக் கழகங்களின் வரலாற்றை நோக்குதல் தகும். ஆங்கிலேயர் ஒரே நகரத்து அல்லது அண்டை நகரங்களின் கழகங்கள் இரண்டு பொருதும் ஆட்டத்தை ‘டார்பி’ என்பர். நூறு கல் தொலைவிலுள்ள ஊரினரிடம் தோற்றால் அத்தோல்வி மறுநாட் பத்திரிகையில் ஒரு வரியாக நின்றுவிடும். அண்டைக் கழகத்தாரிடம் தோற்றாலோ, அத்தோல்விக்குக் கையும் காலும் முளைத்துவிடும். திங்கட்கிழமை காலையில் தொழிற்சாலை வாயிலில் அது காத்துநிற்கும். தேநீர்க் கடையில் உடனிருந்து உண்ணும். மைத்துனன் வடிவில் வீட்டுக்கும் வரும். வென்றவன் முகத்தை நாள்தோறும் பார்த்தே தீரவேண்டும் என்பதே அண்டைப் போட்டியின் கடுமைக்கு முதற் காரணம்.

இவ்வழக்கு இவ்விளையாட்டினளவு பழமையானது. ஷெஃபீல்டு நகரில் 1857-ஆம் ஆண்டு ஒரு கழகம் தோன்றிற்று. 1860-இல் அதன் அருகே ஹாலம் என்னும் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரண்டும் பொருதன. இரு கழகங்கள் தம்முள் ஆடிய முதல் ஆட்டம் இதுவே என்பர். 1862-ஆம் ஆண்டு இறுதியில் அவ்விரு கழகத்தாரும் மீண்டும் கூடினர். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சு வரவு நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் பட்டினியில் வாடிய காலம் அது. அவர்கட்குப் பொருள் திரட்டுவதற்கென்றே நடந்த அவ்வாட்டம் கைகலப்பாக முடிந்தது. தருமத்திற்குக் கூடியவர்கள் குத்துச்சண்டைக்கு வந்தனர்! காய்ச்சல் முற்றின இடத்தில் தருமமும் மருந்தாவதில்லை போலும்.

நிற்க. பங்காளி என்னும் சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் வரலாறு லிவர்பூல் நகரத்தது. அங்கே மெதடிஸ்டு சபையைச் சார்ந்த செயின்ட் டொமிங்கோ என்னும் கோயிலின் இளைஞர்கள் 1878-இல் ஒரு காற்பந்துக் கழகம் அமைத்தனர். சபைக்குப் புறம்பானவர்களும் சேர விரும்பினமையால், மறு ஆண்டே அப்பகுதியின் பெயரால் ‘எவர்ட்டன்’ என்று அதன் பெயர் மாறிற்று. 1884 முதல் அவர்கள் ‘ஆன்ஃபீல்டு’ என்னும் திடலில் ஆடிவந்தனர். அத்திடலைக் கழகத்திற்குக் கிடைக்கச் செய்தவர் ஜான் ஹோல்டிங் என்பவர், மது வடித்து விற்கும் செல்வர், அரசியலிலும் வல்லவர். கழகம் வளர வளரத் திடலின் வாடகையும் வளர்ந்தது. கழக நிர்வாகிகளிற் பலர் மதுவிலக்குக் கொள்கையினர். ஹோல்டிங்கின் சரக்கோ மது. வாடகையிற் பிறந்த வழக்கு இவ்வாறு கொள்கையிலும் அரசியலிலும் கிளைவிட்டுப் படர்ந்தது. 1892-ஆம் ஆண்டு பெரும்பாலோர் திடலைத் துறந்து, ஸ்டான்லி பூங்காவின் மறுபுறத்தே ‘குடிசன் பார்க்கு’ என்னும் புதிய திடலை அமைத்துக்கொண்டு வெளியேறினர்.

அப்பொழுது ஹோல்டிங்கிடம் எஞ்சியது யாது? திடல் இருந்தது; ஆடுவதற்கு அணியில்லை. ‘எவர்ட்டன்’ என்னும் பெயரையாவது வைத்துக்கொள்ள முயன்றார். காற்பந்தாட்டச் சங்கத்தார் அதற்கு இணங்கவில்லை. வேறு வழியின்றி ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர் பலரை வருவித்து, ‘லிவர்பூல்’ என்னும் பெயரில் ஒரு கழகத்தைத் தோற்றுவித்தார். மனை ஒருவனுக்கு, பெயர் மற்றவனுக்கு. நம் ஊர்களிற் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதுவோர் இதனினும் நேராக எழுதவல்லரோ? சகோதரர் பிரிந்த வீட்டில் நடுச்சுவர் எழுவதுபோல் அவ்விரு திடல்களுக்கும் இடையே ஒரு பூங்கா நின்றது. ஒரு கல் தொலைவும் இல்லை. 2025-ஆம் ஆண்டில் எவர்ட்டன் கழகத்தார் துறைமுகத்தருகே கட்டிய புதிய அரங்கிற்குக் குடிபெயரும் வரையில், நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலையே நீடித்தது.

லிவர்பூலில் ஒரு தெரு முழுதும் ஒரு கழகத்தைச் சார்ந்ததென்று சொல்ல இயலாது. தந்தை நீலம் அணிவார், அதாவது எவர்ட்டன். மகன் சிவப்பு அணிவான், அதாவது லிவர்பூல். இருவரும் ஒரே ஊர்தியில் ஆட்டத்திற்குச் சென்று, ஒரே ஊர்தியில் திரும்புவர். திரும்புகையில் ஒருவரே பேசுவார் என்பதொன்றே வேறுபாடு.

இலண்டனில் நிகழ்ந்தது வேறு வகையினது. 1886-இல் ஊலிச்சு என்னுமிடத்திலுள்ள படைக்கலச் சாலைத் தொழிலாளர் அமைத்த ‘ஆர்சனல்’ கழகம், 1913-இல் தேம்ஸ் நதியைக் கடந்து நகரின் வடபால் ஹைபரி என்னுமிடத்திற் குடியேறிற்று. அவ்வடபாகம் ‘டாட்டனம்’ கழகத்தார் தமக்கே உரியதென்று எண்ணியிருந்த நிலம். அவர்கள் முறையிட்டும் பயனில்லை. முதல் உலகப்போர் முடிந்து 1919-இல் முதற் பிரிவை விரிவாக்கியபொழுது, அதன் கடைசி இடத்திலிருந்த டாட்டனம் கழகத்தைக் கீழிறக்கி, இரண்டாம் பிரிவில் ஐந்தாம் இடத்திலிருந்த ஆர்சனல் கழகத்தை வாக்கெடுப்பினால் மேலேற்றினர். நிலத்திற் பங்கு கேட்டு வந்தவன் பந்தியிலும் இடம் பெற்றான். முன்னிருந்தவன் எழுந்து நிற்க நேர்ந்தது. நூறாண்டு கடந்தும் டாட்டனத்தார் இதனை மறந்தாரில்லை. மான்செஸ்டர் நகரத்துப் பங்காளிகளோ ஒரு முறை பெருந்தன்மையுடன் நடந்தனர். 1941-இல் ஜெர்மானியரின் குண்டுகள் யுனைட்டெட் கழகத்தின் அரங்கைச் சிதைத்தபோது, 1949 வரையில் அவர்கள் சிட்டி கழகத்தின் திடலிலேயே ஆடினர். வாடகை கொடுத்துத்தான் என்க. பெருந்தன்மையாயினும் கணக்கு கணக்கே.

இனி நம் நாட்டின் பெரும் பங்காளிச் சண்டைக்கு வருவோம். அது கல்கத்தாவில் உளது.

1889-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வடகல்கத்தாவில் மோகன் பாகன் கழகம் தோன்றிற்று. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் நடந்த ஐ. எப். ஏ. கேடய இறுதியாட்டத்தில் அக்கழகத்தார் கிழக்கு யார்க்‌ஷயர்ப் பட்டாளத்தாரை இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்றனர். வெறுங்காலுடன் ஆடிய இந்தியர் பூட்சணிந்த ஆங்கிலேயரை வென்றனர் என்பது நாடெங்கும் பரவிய செய்தி. அப்பதினொருவரில் பூட்சணிந்த ஒருவரும் இருந்தார். அவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர், மிஷன் கல்லூரி ஒன்றின் ஆசிரியர், பின்னாளிற் குருவானவர். இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

அதுகாறும் வங்காளிகளுக்குக் கழகம் பலவாயினும் பெருமை ஒன்றே. 1920-இல் அது இரண்டாயிற்று. அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் மோகன் பாகனை எதிர்த்து ஆடிய ஜோராபாகான் கழகம், சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரரை அணியிற் சேர்க்காது விடுத்தது. அவர் கிழக்கு வங்காளத்தார். அக்கழகத்தின் துணைத்தலைவராகிய சுரேஷ் சந்திர சௌதரியும் கிழக்கு வங்காளத்தாரே. அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்பாரில்லாமையால் கழகத்தை விட்டு வெளியேறி, நண்பர் சிலருடன் ஆகஸ்டு 1-ஆம் நாளே ‘ஈஸ்ட் பெங்கால்’ கழகத்தை நிறுவினார். கோபம் பிறந்ததற்கும் கழகம் பிறந்ததற்கும் இடையே நான்கே நாட்கள். 1925-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் கல்கத்தா லீகில் இரு கழகங்களும் முதன்முதலாக எதிர்ப்பட்டபொழுது இளைய பங்காளியே ஒரு கோலினால் வென்றான்.

மேற்கு வங்காளத்தின் பழங்குடிகள் ‘கோட்டி’கள், கிழக்கிலிருந்து வந்தவர்கள் ‘பாங்கால்’கள். 1947-இல் நாடு பிரிந்தபொழுது கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடும் வயலும் குளமும் இழந்து, கைப்பெட்டியுடன் கல்கத்தாவில் வந்து இறங்கினர். புகைவண்டி நிலையத்திற் படுத்தவர் எத்தனையோ பேர். அவர்கள் பிறந்த நாட்டின் பெயர் பூகோளப் படத்தில் கிழக்குப் பாகிஸ்தான் என்று பின்னர் மாறிவிட்டது. பழைய பெயர் உயிருடன் தங்கியிருந்த இடம் ஒரு காற்பந்துக் கழகத்தின் பலகை. லிவர்பூலில் மனை ஒருவனுக்கும் பெயர் ஒருவனுக்குமாகப் பிரிந்ததைக் கண்டோம். இங்கே மனை முற்றும் போய்ப் பெயர் ஒன்றே கையில் நின்றவர்களைக் காண்கிறோம். அக்கழகம் தோற்றால் அவர்கள் அழுததை நகையாடுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவர்களது பிரிவு அடுக்களை வரையிற் சென்றது. நம் கடற்கரையார் ‘உல்லம்’ என்னும் மீன் வங்காளத்தில் ‘இலிஷ்’ எனப்படும். அது கிழக்கத்தியாரின் உயிர். மேற்கத்தியார்க்கு இறால். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அன்று சந்தையில் உல்லம் விலையேறும். மோகன் பாகன் வென்றால் இறால் விலையேறும். மீன் வியாபாரிகள் எந்தக் கட்சி என்பதை எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

கிழக்கின் பெயரைத் தாங்கிய அக்கழகத்தின் பொற்காலத்தில், 1949 முதல் 1953 வரையில், அதன் முன்னணியை நடத்திய ஐவர் அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே, வெங்கடேஷ் என்போர். ஐவரும் தென்னாட்டினர், ‘பஞ்ச பாண்டவர்’ என்பது அவர்கட்கு வங்காளிகள் இட்ட பட்டம். கிழக்குக்காகப் போர் செய்தது தெற்கு! 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில் இவ்விரு கழகங்களும் ஆடியதைக் காண 1,31,000-க்கு மேற்பட்டோர் உப்பேரி அரங்கிற் கூடினர். ஈஸ்ட் பெங்கால் நான்குக்கு ஒன்றாக வென்றது. அவற்றுள் மூன்று கோல்கள் சிக்கிம் நாட்டுப் பாய்ச்சுங் பூட்டியாவினுடையவை. கோட்டியும் பாங்காலும் அல்லாதவர்களே பல வேளைகளில் இச்சண்டையைத் தீர்த்துவைத்திருக்கின்றனர்.

இப்பெருங்காய்ச்சலின் கொடிய நாள் 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16. ஈடன் தோட்ட அரங்கில் ஆடுகளத்தே இரண்டு ஆட்டக்காரர் மோதினர். நடுவர் அவர்களை வெளியேற்றினார். அம்மோதல் காண்போர் மேடையிற் பற்றிக்கொண்டது. இரு கட்சியாரையும் பிரித்து அமர்த்தும் ஏற்பாடு இல்லை. கல்லெறியும் நெருக்கமும் ஓட்டமுமாகி, மிதிபட்டும் விழுந்தும் பதினாறு பேர் மாண்டனர். காலையில் உணவருந்திவிட்டு ‘மாலையில் வருகிறேன்’ என்று தாயிடம் சொல்லிப் போன பிள்ளைகள் அவர்கள். எக்கழகத்தார் எத்தனை பேர் என்று அந்நகரத்தார் பிரித்து எண்ணவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ஆம் நாள் அங்கே காற்பந்து அன்பர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று இளைஞர் இரத்ததானம் செய்கின்றனர். கொடுத்த இரத்தம் பச்சை–அரக்குக் கொடிக்காரன் உடலிற் செல்லுமோ, சிவப்பு–பொன் கொடிக்காரன் உடலிற் செல்லுமோ, யார் அறிவார்?

லிவர்பூலாரும் தீட்டுக் காத்ததுண்டு. 1989-ஆம் ஆண்டு ஏப்பிரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலிற் சிக்கி லிவர்பூல் கழகத்து அன்பர்கள் மாண்டனர். பின்னாளில் அக்காயத்தால் இறந்தோரையும் கூட்டித் தொண்ணூற்றெழுவர். ஒரு வாரத்திற்குள், எவர்ட்டன் திடலிலிருந்து ஆன்ஃபீல்டு திடல் வரையில், இடையிலுள்ள பூங்காவின் குறுக்கே, நீலக் கழுத்துத்துணியும் சிவப்புக் கழுத்துத்துணியும் ஒன்றோடொன்று முடிந்து ஒரு கல் நீளத்திற்குத் தொடராகக் கட்டினர். நடுச்சுவர் என்று நாம் மேலே சொன்ன அப்பூங்கா அன்று நடுமுற்றமாயிற்று. அவ்வாண்டு கோப்பை இறுதியாட்டத்தில் எதிர்ப்பட்டவர்களும் அவ்விரு கழகத்தாரே. மூன்றுக்கு இரண்டாக லிவர்பூல் வென்றது. தீட்டுக் காத்தமையால் எவர்ட்டனார் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அப்படி விட்டுக்கொடுத்திருப்பின் இறந்தவர்களே அதனை ஏற்றிரார்.

தீட்டில்லாத காய்ச்சல் எவ்வாறு முடியும் என்பதற்கு நாம் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. இத்திருமலைராயன்பட்டினத்தின் பெயருக்குக் காரணமான திருமலைராயன் அவையில் நிகழ்ந்ததாகக் கர்ணபரம்பரையில் வழங்கும் கதையை அறியாதார் நம்முள் இலர். அதிமதுரகவியும் அவரைச் சூழ்ந்த அறுபத்து நான்கு தண்டிகைப் புலவரும் அவையிற் காளமேகப் புலவருக்கு இருக்கை தர மறுத்தனர். அதுவும் ஒரு பங்கு வழக்குத்தான். பங்கிடவேண்டிய பொருள் ஓர் ஆசனம். யமகண்டம் பாடிக் காளமேகர் வென்றும், உரிய சிறப்புக் கிட்டாமையால் ஊரே மண்மாரியில் அழிய அறம் பாடிச் சென்றார் என்பர். எதிரி இல்லாதொழிய வேண்டும் என்று இரு சாராரும் விரும்பினர்; அதிமதுரகவிக்கு எத்துயர் நேர்ந்தாலும் காளமேகர் தலைமுழுகியிரார். வென்ற புலவனும் தோற்ற புலவனும் இருந்து பேசிக்கொள்வதற்கு ஊரே இல்லை என்பதில் அக்கதை முடிகிறது.

எல்லைக் கோடு மட்டும் பகையை உண்டாக்கிவிடாது என்பதற்கும் நம் ஊரே சான்று. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கும் வரையில், இங்கிருந்து நாகூருக்குப் போகும் வழியில் வாஞ்சூரில் இரு தேசங்களின் எல்லை இருந்தது. இன்றும் அவ்விடத்திற்கு இப்பால் பிறந்த ஆட்டக்காரன் சந்தோஷ் கோப்பைக்குப் புதுச்சேரி அணியிலும், அப்பால் பிறந்தவன் தமிழ்நாட்டு அணியிலும் சேர்தலே இயல்பு. ஆயினும் பெண் கொடுத்தும் கொண்டும், ஒரே சந்தையில் மீன் வாங்கியும் வாழ்வோர் அவர்கள். கோடு கிழித்தவர் வேறு, பங்கிட்டுக்கொண்டவர் வேறு. தாமே பங்கிட்டுக்கொண்டவரிடத்தன்றி இக்காய்ச்சல் எழுவதில்லை.

மிஷன் கல்லூரி மாணாக்கராகிய நமக்கு மிக நெருங்கிய உதாரணம் யாழ்ப்பாணத்தில் உளது. காற்பந்தன்று, கிரிக்கெட்டு. வெஸ்லியன் மிஷனார் 1816-இல் தொடங்கிய மத்திய கல்லூரியும், சர்ச் மிஷனார் 1823-இல் தொடங்கிய பரி. யோவான் கல்லூரியும் ஒரே நகரத்தன; ஒரே மறையை இரு சபையார் கற்பித்த வீடுகள். அவை 1904 முதல் ஆடிவரும் ஆட்டம் ‘வடக்கின் பெருஞ்சமர்’ என வழங்கும். உள்நாட்டுப் போர்க்காலத்திற் பல ஆண்டுகள் அச்சமர் நடைபெறவில்லை. உண்மைச் சமர் ஊரைச் சூழ்ந்தபொழுது விளையாட்டுச் சமர் நின்றுவிட்டது என்பது எண்ணத்தக்கது. இன்று இலண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் பழைய மாணவர் அந்நாட்களுக்கென்றே விமானமேறி வருகின்றனர். மற்றக் கல்லூரியான் ஒருவனைக் கண்டு வசைபாடுவதற்காக ஆறாயிரம் கல் கடந்து வருபவனை அவனுடைய பகைவன் என்று எங்ஙனம் சொல்வது?

கல்கத்தாவில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்ததைக் கூறி இதனை முடிப்பாம். அத்திங்கள் 9-ஆம் நாள் அந்நகரத்து ஆர். ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகிய இளம்பெண் ஒருவர் கொடுமைக்குள்ளாக்கப்பட்டுக் கொலையுண்டார். நகரம் கொதித்தது. 18-ஆம் நாள் டுராண்டு கோப்பைக்காக ஈஸ்ட் பெங்காலும் மோகன் பாகனும் உப்பேரி அரங்கில் ஆடுவதாக இருந்தது. அங்கே நீதி கேட்டு முழக்கம் எழும் என்பது யாவர்க்கும் தெரிந்ததே. காவலுக்குப் போதிய ஆள் இல்லையென்று ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லாத அரங்கின் வாயிலில் அன்று மாலை இரு கழகத்து அன்பர்களும் கூடினர். மூன்றாம் பங்காளியாகிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தாரும் வந்தனர். காவலர் தடியடி நடத்தினர். ஒரு கழகத்தின் சட்டை அணிந்தவன் தோள்மீது மற்றக் கழகத்தின் சட்டை அணிந்தவன் ஏறி முழங்கும் படம் நாடெங்கும் பரவிற்று. கந்தருவர் துரியோதனனைச் சிறைகொண்டபொழுது, ‘பிறர் முன்னே நாம் நூற்றைவர்’ என்னும் எண்ணத்துடன் தம்பியரை மீட்க ஏவிய தருமன் நம் நினைவுக்கு வருகிறான். கதையிலும் அதன்பின் பாரதப் போர் நடவாமற் போகவில்லை.

அவ்வாண்டு அக்டோபர் 19-ஆம் நாள் அதே அரங்கில் இரு கழகங்களும் லீக் ஆட்டத்தில் எதிர்ப்பட்டன. மோகன் பாகன் இரண்டு கோல்களால் வென்றது. பழைய வழக்கத்தின்படி அது இறாலுக்குரிய நாள்.